பழைய லண்டன் வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் ஆண்டை நம்பலாமா? கிளிநொச்சியிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கிளிநொச்சியில் புவியியல் கற்பிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். லண்டனில் ஈஸ்ற்ஹாமில் வசிக்கும் அவருடைய சின்னம்மா, பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் லண்டன் நகர வரைபடம் ஒன்றைக் கண்டு, அதைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். கீழ் விளிம்பில் 1832 என்று அச்சிடப்பட்டிருக்கிறது. கடைக்காரரும் அது 1832 ஆம் ஆண்டுப் படம் என்றே சொல்லி விலை கேட்கிறார். அது அசல்தானா, வாங்கலாமா, அதைத் தொடக்கமாக வைத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் வரைபடங்களைச் சேகரிப்பதானால் எந்த வழியில் போவது, வாங்கியவற்றை வன்னியின் வெக்கையிலும் மாரியிலும் எப்படிப் பழுதில்லாமல் வைத்திருப்பது என்பவை அவருடைய கேள்விகள். நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக வேலை செய்து ஓய்வுபெற்று, இப்போது வவுனியாவில் இருந்துகொண்டு இத்தகைய படங்களைச் சேர்த்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றி. தம்பி அனுப்பிய ஒளிப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அளவில், தாளும் அச்சும் பழையவை என்றே தோன்றுகிறது. ஆனால் அது 1832 இல் அச்சான தாள் அல்ல. தேம்ஸ் நதிக்குத் தெற்கே, லண்டன் பாலத்தின் அடியிலிருந்து கிழக்காக கிறீனிச்சை நோக்கி ஒரு புகையிரதப் பாதை முழுக்கோட்டில் வரையப்பட்டிருக்கிறது. லண்டன் பாலத்தருகே இருந்து அந்தப் பாதையில் வண்டி ஓடத் தொடங்கியது 1836 டிசம்பரில்தான். வடக்கே யூஸ்ரனிலிருந்து கம்டன் பக்கமாக ஏறிப் போகும் இன்னொரு பாதையும் முழுக்கோட்டில் இருக்கிறது. அது திறக்கப்பட்டது 1837 யூலையில். அதேவேளை, 1838 இல் திறக்கப்பட்ட பாடிங்ரன் பாதையும் நைன் எல்ம்ஸ் நிலையமும் படத்தில் இல்லை. ஆகவே இந்தத் தாள் 1837 இன் பிற்பகுதியிலோ 1838 இன் முற்பகுதியிலோ அச்சாகியிருக்க வேண்டும். திருத்துபவர் சோம்பேறியாக இருந்திருந்தால் இன்னும் ஓரிரு வருடம் பிந்தியும் இருக்கலாம். கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் கீழ் விளிம்பை வாசித்திருக்கிறார், படத்தை வாசிக்கவில்லை.

இந்த ஆண்டுக் குழப்பத்துக்கு ஒரு சட்டக் காரணமும் ஒரு பணக் காரணமும் உண்டு. உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிடும் படங்களுக்குப் பதிப்புரிமை வழங்கிய 1735 ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம், தகட்டின் உரிமையாளர் பெயரையும் முதன்முதலாக வெளியிட்ட திகதியையும் தகட்டிலேயே பொறிக்க வேண்டும் என்று விதித்தது. செப்புத் தகட்டின் அடியில் காணப்படும் அந்த வெளியீட்டு வரி அப்படி வந்ததுதான். ஒரு பெரிய நகரத்தின் தகட்டைச் செதுக்குவதற்கு மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் கூலி கொடுக்க வேண்டியிருந்ததால், முதலாளிகள் அதைச் சுலபத்தில் கைவிடுவதில்லை. புதிய வீதி வந்தால், தகட்டின் பின்புறத்திலிருந்து தட்டி, முன்புறத்தில் பழைய கோட்டைச் சுரண்டி மழுக்கி, அந்த இடத்தில் புதியதைச் செதுக்குவார்கள். வெளியீட்டு வரியை மட்டும் அப்படியே விட்டுவிடுவார்கள். விக்ரோறியா காலத்தில் வேறொரு வழக்கமும் வந்தது: சரக்கு பழசாகிவிட்டது என்று வாங்குபவர் நினைத்துவிடக்கூடாதென்று பல வெளியீட்டாளர்கள் ஆண்டையே அச்சிடாமல் விட்டார்கள். எனவே ஆண்டு போட்ட படத்தையும் சந்தேகிக்க வேண்டும், போடாத படத்தையும் நாமே ஆராய்ந்து காலம் கணிக்க வேண்டும்.

இந்தக் கணிப்பு வேலைதான் லண்டன் வரைபடச் சேகரிப்பின் உயிர் என்பது என் எண்ணம். 1801 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த நகரம், 1901 இல் 45 இலட்சமாக வளர்ந்தது. ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு பாலமோ, கப்பல் துறையோ, நிலையமோ, வீதியோ கூடியது. அவற்றின் ஆண்டுகளை மனனம் செய்துகொண்டால் எந்தத் தாளையும் சில வருட இடைவெளிக்குள் அடக்கிவிடலாம். நான் நதியிலிருந்து தொடங்குவேன். வோட்டலூ பாலம் 1817, சதக் பாலம் 1819, பழைய லண்டன் பாலத்துக்குப் பதிலாகக் கட்டிய புதிய பாலம் 1831, ஹங்கர்போட் தொங்குபாலம் 1845, ரவர் பாலம் 1894. துறைகளைப் பார்த்தால் மேற்கிந்தியத் துறை 1802, சென் கத்தரீன் துறை 1828, றோயல் விக்ரோறியா 1855, றோயல் அல்பேட் 1880. நிலையங்களில் வோட்டலூ 1848, கிங்ஸ் குறோஸ் 1852, விக்ரோறியா 1860, சாரிங் குறோஸ் 1864, சென் பாங்கிறாஸ் 1868, லிவர்பூல் வீதி 1874, மரிலிபோன் 1899. நிலத்தடிப் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1863 சனவரியில். விக்ரோறியா அணைக்கரை 1870 இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய படங்களில் வடகரை ஒழுங்கற்று, படிகளும் தோணித்துறைகளுமாக இருக்கும். மில்பாங் சிறைச்சாலை இன்னொரு நல்ல அடையாளம். ஆறு இதழ் விரிந்த பூவைப் போன்ற அதன் தரைப்படம் எவ்வளவு சிறிய வரைபடத்திலும் கண்ணில் படும். 1816 இல் கைதிகளை ஏற்ற அந்தச் சிறை 1890 இல் மூடப்பட்டது, அந்த நிலத்தில் 1897 இல் ரேற் ஓவியக்கூடம் வந்தது. நம்மவர்களுக்கு இன்னோர் அடையாளமும் சுவையாக இருக்கும்: லெடன்ஹோல் வீதியிலிருந்த கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமையகம் 1861 இல் இடிக்கப்பட்டது. அதன் பெயரைத் தாங்கிய படம் பெரும்பாலும் அதற்கு முந்தியது.

தபால் வலயங்கள் எனக்கு மிகவும் பிடித்த தடயம். லண்டனைத் திசைப்படி எழுத்துகளாகப் பிரித்தது 1857, 1858 ஆண்டுகளில். ஆகவே ஈ.சி., டபிள்யூ.சி. என்ற எழுத்துகள் படத்தில் இருந்தால் அது அதற்குப் பிந்தியது. முதலில் இருந்த வடகிழக்கு வலயமான என்.ஈ. 1866 இல் நீக்கப்பட்டது. தெற்கு வலயமான எஸ். 1868 இல் நீக்கப்பட்டது. இந்த இரண்டு வலயங்களும் காட்டப்பட்ட படம் கிடைத்தால் ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளிக்குள் வந்துவிட்டோம்.

இருந்தாலும் ஓர் எச்சரிக்கை. வரைபடங்கள் பின்தங்குவது போலவே முந்திக்கொண்டும் ஓடும். தம்பியின் படத்திலேயே வொப்பிங்குக்கும் றொதரைத்துக்கும் இடையில் நதிக்கு அடியால் தேம்ஸ் சுரங்கம் முழுமையாக வரையப்பட்டிருக்கிறது. அந்தச் சுரங்கத்தின் வேலை 1825 இல் தொடங்கியது. 1828 சனவரியில் வெள்ளம் புகுந்து ஆட்கள் இறந்தபின் முகப்பு செங்கல் வைத்து அடைக்கப்பட்டது. 1835 இல்தான் மறுபடி தோண்டினார்கள். மக்களுக்குத் திறந்தது 1843 மார்ச்சில். 1832 இல் அந்தத் தகட்டைச் செதுக்கியவர், அடைத்துக் கிடந்த குழியை நதியைக் கடந்த வழியாகக் காட்டிவிட்டார். றீஜன்ற் பூங்காவில் கட்டப்படவிருந்த மாளிகைகளும் இப்படித்தான்: ஐம்பதுக்கு மேற்பட்டவை திட்டமிடப்பட்டு, மிகச் சிலவே கட்டப்பட்டன, ஆனால் கட்டப்படாதவற்றையும் சில படங்களில் காணலாம். 1840 களின் புகையிரத மோகக் காலத்துப் படங்களில், பாராளுமன்றத்தில் தூங்கிப்போன பாதைகள் புள்ளிக்கோடாக ஓடும். எனவே எதையும் ஒரு தடயத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. இல்லாத ஒன்றைக் காட்டும் படத்தை விட, இருக்க வேண்டியது இல்லாத படமே காலத்தை நம்பகமாகச் சொல்லும் என்று நினைக்கிறேன். அதிலும் திருத்துபவர் எந்த மூலையைத் தொட்டார், எந்த மூலையை விட்டார் என்பதைப் பார்க்க வேண்டும். மையம் புதிதாகவும் ஓரங்கள் இருபது வருடம் பழையதாகவும் இருக்கும் தாள்கள் ஏராளம்.

இனி எதைச் சேர்ப்பது என்ற கேள்வி. பெரும் பெயர்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்திருக்க வேண்டும், வாங்க வேண்டுமென்பதில்லை. ரிச்சர்ட் ஹோர்வுட் 1792 முதல் 1799 வரை 32 தாள்களில் வெளியிட்ட படம், மைலுக்கு 26 அங்குலம் என்ற அளவுத்திட்டத்தில், ஒவ்வொரு வீட்டையும் அதன் இலக்கத்தோடு காட்ட முயன்றது. அந்த மனிதர் 1803 இல் லிவர்பூலில் வறுமையில் இறந்தார்; தகடுகளை வாங்கிய வில்லியம் பேடன் 1807, 1813, 1819 ஆண்டுகளில் திருத்தி மறுபதிப்புச் செய்தார். கிறிஸ்தோபர், ஜோன் என்ற கிறீன்வுட் சகோதரர்களின் 1827 ஆம் ஆண்டுப் படம் ஆறு தாள்கள் கொண்டது. 1824 முதல் 1826 வரை நேரில் அளந்து செய்தது. அதன் அளவுத்திட்டம் மைலுக்கு எட்டு அங்குலம். சங்கிலி என்ற நில அளவை அலகில் மைலுக்கு 80 என்பதால் அங்குலத்துக்குப் பத்துச் சங்கிலி. நமது பழைய காணிப் படங்களில் பழகிய கண்ணுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். என் பார்வையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட மிக அழகான நகரப் படம் அதுதான். முழுத் தொகுதியாக நல்ல நிலையில் வந்தால் விலை ஆயிரக்கணக்கான பவுணில் நிற்கும். எட்வேட் ஸ்ரான்போட் 1862 இல் வெளியிட்ட நூலகப் படம் 24 தாள்கள், மைலுக்கு ஆறு அங்குலம். லண்டனின் வறுமையை வீதிவாரியாக ஆராய்ந்த சாள்ஸ் பூத் தன்னுடைய வறுமைப் படங்களுக்கு இந்த ஸ்ரான்போட் படத்தையே அடிப்படையாக எடுத்து, மிகக் கீழ்நிலையென்று அவர் கருதிய வீதிக்குக் கறுப்பும், கடும் வறுமைக்குக் கடுநீலமும், செல்வத்துக்கு மஞ்சளுமாகத் தீட்டினார். மருத்துவர் ஜோன் சினோவின் வாந்திபேதிப் படம் லண்டன் சோகோப் பகுதியின் 1854 ஆம் ஆண்டு மரணங்களைக் கறுப்புக் கோடுகளாகக் காட்டி, 1855 இல் அவருடைய நூலுக்குள், கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சு முறையில் வந்தது. தனித்தாளாக விற்பனைக்கு வரும் சினோ படங்களைப் பெரும்பாலும் மறுபிரதிகளாகவே கொள்ளுங்கள்.

நம்மைப் போன்றவர்களின் கைக்கெட்டும் படங்கள் வேறு. பயனுள்ள அறிவைச் சாமானியருக்குப் பரப்பவென்று 1826 இல் தொடங்கிய ஒரு லண்டன் சங்கம், மலிவு விலையில் உலகத்துப் பெருநகரங்களின் படங்களை உருக்குத் தகட்டில் செதுக்கி வெளியிட்டது. அவற்றில் லண்டன் படம் 1843 இல் வந்தது. சங்கம் கலைந்தபின் தகடுகள் கைமாறிக் கைமாறி ஸ்ரான்போட்டிடம் சேர்ந்தன. ஒவ்வொரு கையும் புகையிரதப் பாதைகளைக் கூட்டிக்கொண்டே போனது. ஆயிரக்கணக்கில் அச்சானதால் இன்றும் மலிவு. 1851 ஆம் ஆண்டுப் பெருங்கண்காட்சிக்கு ஏறத்தாழ 60 இலட்சம் வருகைகள் பதிவாயின. அவர்களுக்கென்று அச்சிட்ட மடிப்புப் படங்கள், ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகையோடு, இப்போதும் கடைகளில் கிடக்கின்றன. றெனோல்ட்ஸ், குறச்லி, வைல்ட், பேக்கன் போன்றவர்களின் சட்டைப்பைப் படங்களும் பத்திரிகைகள் இனாமாகக் கொடுத்த படங்களும் இந்த வகையே. ஜோன் ராலிஸின் 1851 ஆம் ஆண்டுத் தேசப்படத் தொகுதியிலிருந்து கழன்ற தாள்கள் அழகானவை, சுற்றிலும் சிறு சித்திரங்கள் கொண்டவை. அதே தொகுதியில் இலங்கைப் படமும் உண்டு என்பதால் நம்மவர்கள் அதை விரும்புவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் சித்திரத்துக்குக் கொடுக்கும் விலைக்கேற்ற செய்தி அதில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே தம்பிக்கு என் யோசனை இது. ஆறு வெளியீட்டாளர்களின் ஆறு அழகிய படங்களை வாங்குவதைவிட, ஒரே தகட்டின் மூன்று நான்கு நிலைகளை, அதாவது தகட்டைத் திருத்தித் திருத்தி அச்சிட்ட வெவ்வேறு தாள்களை, தேடி வாங்குங்கள். 1832 தகட்டின் தாள் ஒன்று கையில் வந்தால், அதே தகட்டின் அடுத்த நிலை எது, ஹங்கர்போட் பாலம் சேர்ந்த நிலை உண்டா, வோட்டலூ நிலையம் சேர்ந்தபோது எந்த வீதிகளைச் சுரண்டினார்கள் என்று தேடுங்கள். சுரண்டிய இடத்தில் பழைய எழுத்தின் ஆவி மங்கலாகத் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே அதைக் காண்பது தனிச் சுகம். இந்த வழியில் போனால் செலவும் குறையும், ஏனெனில் பிந்திய நிலைகளை அலங்காரத்துக்கு வாங்குபவர்கள் தேடுவதில்லை. வகுப்பில் நிலப் பயன்பாட்டு மாற்றம் கற்பிப்பவருக்கு இதைவிட நல்ல சாதனம் வேறு ஏது?

சின்னம்மாவின் வீடு இருக்கும் இடத்தைப் படத்தில் காண வேண்டும் என்றும் தம்பி எழுதியிருந்தார். அந்த ஆசைக்கு இந்தப் படம் உதவாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் வந்த வழமையான லண்டன் படங்கள் கிழக்கே லீ ஆற்றோடு நின்றுவிடும். ஈஸ்ற்ஹாம் அன்றைக்கு எசெக்ஸ் மாவட்டத்துக் கிராமம். தெற்கே தேம்ஸ் வரை சதுப்பு நிலம். 1870 இல் பெக்ரன் எரிவாயு ஆலையும் அடுத்த பத்தாண்டில் றோயல் அல்பேட் துறையும் வந்த பிறகே அந்தப் பக்கம் மாறத் தொடங்கியது. ரூற்றிங் சறேயில், ஹறோவும் வெம்பிளியும் மிடில்செக்ஸில் இருந்தன. நம் சனம் இன்று செறிந்து வாழும் இந்த இடங்களெல்லாம் அன்றைய லண்டனுக்கு வெளியே இருந்தவை. அவற்றுக்கு லண்டன் சுற்றுப்புறப் படங்களையோ, ஓட்னன்ஸ் சேவே என்ற பிரித்தானிய அரச நில அளவை நிறுவனத்தின் மாவட்டவாரியான ஆறங்குலத் தாள்களையோ தேட வேண்டும். பாடசாலையில் ஓரங்குல இடவிளக்கப் படத்தோடு பழகியவருக்கு அந்தத் தாள்களின் குறியீடுகள் அந்நியமாக இரா. அதே நிறுவனம் லண்டன் நகருக்கென்று மைலுக்கு ஐந்தடி, அதாவது 1:1056 என்ற அளவுத்திட்டத்தில் செய்த தாள்களில், தனித்தனி மரங்களும் விளக்குக் கம்பங்களும்கூடக் குறிக்கப்பட்டிருக்கின்றன. சின்னம்மா வேலைக்குப் போகும் வீதி நகரத்துக்குள் என்றால் அதில் ஒரு தாள் போதும்.

அசலா மறுபிரதியா என்பதைச் சோதிக்கும் முறை சுருக்கமானது, ஆனால் கையில் தாள் இருக்க வேண்டும். லண்டன் நிலவரைபடச் சங்கம் 1880 முதல் பழைய படங்களை நல்ல தரத்தில் மறுஅச்சிட்டு வருகிறது. அவை ஏமாற்றுக்காகச் செய்தவை அல்ல, ஆனால் நாற்பது வருடம் ஒரு வீட்டுச் சுவரில் தொங்கிவிட்டு விற்பனைக்கு வரும்போது பழசாகத் தோன்றும். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கோடுகளோ சாயமோ சிறு புள்ளிகளாகச் சிதறினால் அது புகைப்பட முறையில் செய்த இக்கால அச்சு. செப்புத்தகட்டு அச்சில் மை தாளின் மேல் மெல்லிய மேடாக நிற்கும். விரல் நுனியை லேசாக ஓட்டினால் உணரலாம், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும். ஓரம் வெட்டப்படாதிருந்தால் தகடு அழுத்திய பள்ளம் நாற்புறமும் சட்டம் போல் இருக்கும். கல்லச்சில் இந்த மேடும் பள்ளமும் இரா, ஆகையால் பள்ளம் இல்லாததை மட்டும் வைத்துப் போலி என்று தள்ளிவிடக்கூடாது. தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வொற்மன் போன்ற உற்பத்தியாளரின் பெயரும் ஆண்டும் நீர்க்குறியாகத் தெரிவதுண்டு. தாள் செய்த ஆண்டுக்கு முன்னர் அதில் அச்சு விழுந்திருக்க முடியாது என்பதால், அது ஒரு பக்க எல்லையை உறுதியாகத் தரும். வர்ணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: பல படங்களுக்குக் கடைக்காரர்கள் அண்மையில்தான் வர்ணம் தீட்டியிருக்கிறார்கள். பின்பக்கம் பச்சை நிறம் பழுப்பாக ஊறியிருந்தால் வர்ணம் பழையது என்று ஊகிக்கலாம்.

இங்கே வன்னிக்கே உரிய ஒரு யோசனை சேர்கிறது. 1850 களுக்கு முந்திய தாள்கள் பெரும்பாலும் கந்தைத் துணியை அரைத்துச் செய்தவை, நார் வலுவானவை. நூற்றாண்டின் கடைசி முப்பது வருடத்துத் தாள்களில் மரக்கூழ் சேர்ந்ததால் அவற்றில் அமிலம் உண்டு; வெக்கையில் அவை பழுப்பாகி, மடிப்பில் அப்பளம்போல் நொருங்கும். வயது குறைந்த படம் அதிக நாள் நிற்கும் என்று எண்ணி ஏமாறக்கூடாது. நம் ஊருக்கு நான் பரிந்துரைப்பது, தாளைத் துண்டுகளாக வெட்டி லினன் துணியில் இடைவெளி விட்டு ஒட்டி மடித்த பிரயாணப் படங்கள். மடிப்பு துணியில் விழுவதால் தாள் கிழிவதில்லை, இடமும் குறைவு. ஆனால் அந்தத் துணியை ஒட்டிய மாப்பசை பூச்சிக்கு விருந்து.

கறையானும் இராமபாணப் பூச்சியும் நம் முதல் எதிரிகள். மர அலுமாரி வேண்டாம். இரும்பு அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால்களுக்குக் கீழே கல் வைத்து நிறுத்துங்கள், கறையான் மண்கோடு ஏறினால் கண்ணில் படும். கச்சான் காலத்தில் வரும் புழுதி தாளுக்குள் ஏறினால் துடைக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு தாளையும் அமிலம் அற்ற அட்டைக்குள் வையுங்கள், அல்லது பொலியெஸ்ரர் உறையில் இரண்டு பக்கம் திறந்தபடி விடுங்கள். மாரி தொடங்கிவிட்டால், ஐப்பசி முதல் தை வரை, ஈரப்பதன்தான் பிரச்சினை. பூஞ்சணம் பிடித்த தாளில் செம்புள்ளிகள் வந்தபின் அவற்றை எடுப்பது தேர்ந்த பாதுகாவலரின் வேலை. சிலிக்கா மணிப் பைகளை வைத்து, நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவையுங்கள். மழை விட்ட வெயில் நாட்களில் அலுமாரியைத் திறந்து காற்றோட விடுங்கள், தாளை வெயிலில் காட்டாதீர்கள். ஏட்டுச் சுவடிக்குச் செய்வதுபோல வேப்பிலை போடலாமா என்று கேட்கிறார்கள். பச்சை இலை ஈரத்தையும் கறையையும் கொண்டுவரும், வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம், நகரத்து அச்சுக் கடைகளில் செய்யும் லமினேற்றும் செலோரேப்பும் பழைய தாளுக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. இடம்பெயர்ந்த காலத்தில் காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றிக் காப்பாற்றிய பழக்கத்தில் நம்மவர்கள் எதையும் லமினேற் செய்து வைக்க நினைப்பார்கள். உறுதியின் வாசகம் தப்பினால் போதும். வரைபடத்தில் தாளே சேகரிப்பு. சுவரில் மாட்ட ஆசையென்றால் நல்ல மறுபிரதியை மாட்டுங்கள். அசலை அஸ்பெஸ்ரஸ் கூரைக்குக் கீழே கண்ணாடிச் சட்டத்தில் வைத்தால் சூடும் வியர்வையும் சேர்ந்து கண்ணாடியோடு ஒட்டிவிடும்.

வாங்குவதற்கு முன் படிப்பதற்குச் செலவில்லை. ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் பிரித்தானிய நில அளவைத் தாள்களை இலவசமாக, இன்றைய செய்மதிப் படத்தின் மேல் பொருத்தியே பார்க்கலாம். டேவிட் றம்சி என்ற இணைய வரைபடத் தொகுப்பிலும் லண்டன் படங்கள் பல உள்ளன. பிறெட்றிக் கிறேஸ் என்பவர் சேகரித்த லண்டன் படங்கள் இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. ஒரு தனி மனிதர் ஒரே நகரத்தை எவ்வளவு தூரம் சேகரிக்க முடியும் என்பதற்கு அதுவே எல்லை. விற்பனைப் பட்டியல்களில் ஹௌகேகோ, ஹைட் என்ற பெயர்களுக்குப் பக்கத்தில் ஓர் இலக்கத்தைக் காண்பீர்கள். 1850 வரையான அச்சுப் படங்களை முன்னவரும் 1851 முதல் 1900 வரையானவற்றைப் பின்னவரும் நிலைவாரியாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். விற்பவர் அந்த இலக்கத்தையும் நிலையையும் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. நூலக முத்திரை சுரண்டப்பட்டதாகவோ, ஓரம் புதிதாக வெட்டப்பட்டதாகவோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள். 2005 இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் பிடிபட்ட ஓர் அமெரிக்க வரைபட வணிகர், பல நூலகங்களிலிருந்து ஏறத்தாழ நூறு படங்களைத் திருடியதை ஒப்புக்கொண்டார்.

கொழும்பு நகரப் படங்களைச் சேர்ப்பது இதைவிடப் பொருத்தமில்லையா என்று வேறு சிலர் கேட்பதுண்டு. செய்யலாம், முறையும் இதுவே: கோட்டை மதில் 1869 முதல் இடிக்கப்பட்டது, அலைதடுப்பு அணைக்கு 1875 இல் அடிக்கல் வைத்து 1885 இல் முடித்தார்கள், முதல் புகையிரதப் பாதை 1865 இல் பொதுமக்களுக்குத் திறந்தது. ஆனால் அச்சான படங்கள் சொற்பம், ஒரே தகட்டின் நிலைகளை ஒப்பிடும் வாய்ப்பு இன்னும் சொற்பம். தொடங்குபவருக்கு லண்டனே வசதி.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். சின்னம்மாவிடம் மறுபடி கடைக்குப் போகச் சொல்லி நான்கு ஒளிப்படங்கள் கேளுங்கள்: கீழ் விளிம்பு முழுவதும், தாளின் பின்பக்கம், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு மூலை, லண்டன் பாலத்துக்கும் கிறீனிச்சுக்கும் இடைப்பட்ட பகுதி கிட்டத்தில். புகையிரதப் பாதைகளின் ஆண்டுகளைப் பணிவாக எடுத்துச் சொல்லி, 1832 என்ற விலையைக் குறைக்க முடியுமா என்று கேட்கட்டும். ஒரே தகட்டின் முதல் நிலைக்கும் பிந்திய நிலைக்கும் விலை வித்தியாசம் உண்டு என்பது தொழில் தெரிந்த கடைக்காரருக்குத் தெரியும். வாங்கினால் தபாலில் போட வேண்டாம். துணியில் ஒட்டாத தாள் என்றால் மடிக்காமல், அகலமான உருளைக்குள் அச்சு வெளிப்பக்கமாக வரும்படி தளர்வாகச் சுற்றி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர் யாராவது கைப்பொதியில் கொண்டுவரட்டும். வந்து சேர்ந்ததும் உடனே விரிக்காமல் ஒரு நாள் அப்படியே அறைக்குள் வைத்து, பிறகு விரித்து, நாலு மூலைக்கும் சுத்தமான துணிப் பைகளில் மணல் கட்டிப் பாரமாக வைத்தால், சில நாட்களில் தானாகவே நிமிர்ந்துவிடும்.